ஜாமீன் வக்கீலும் விசாரணை வக்கீலும்: குற்ற வழக்கில் யாரை அமர்த்துவது?

தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கோயில் திருவிழா இரவில் இரண்டு தெருக்காரர்களுக்குள் கைகலப்பு மூண்டது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவுக்குள் ஒரு வீட்டுப் பையனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவருக்கு நான்கைந்து பெயர்கள் சொல்லப்பட்டுவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக் கொடுத்த குடும்ப வக்கீல் ஒருவர். 'இவரைப் பாருங்கள், காரியம் சுலபமாக முடியும்' என்று ஸ்டேஷன் ரைட்டர் கைகாட்டும் ஒருவர். மைத்துனருக்குத் தெரிந்த சென்னைப் பெரிய வக்கீல் ஒருவர். தாலுகா நீதிமன்றத்தில் அன்றாடம் குற்ற வழக்குகளை நடத்தும் உள்ளூர்க்காரர் ஒருவர். கடைசியாக, யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்லும் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்.

இந்த ஐவரில் நல்ல வக்கீல் யார் என்பதுதான் அன்றிரவு எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆனால் குற்ற வழக்கு ஒரே வேலை அன்று. ரிமாண்ட் (நடுவர் உத்தரவின்பேரில் காவலில் வைப்பது), ஜாமீன், குற்றப்பத்திரிகை, விடுவிப்பு மனு (விசாரணை தொடங்குமுன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோருவது), சாட்சி விசாரணை, வாதம், மேல்முறையீடு என ஆண்டுக்கணக்கில் நீளும் பல வேலைகளின் தொடர் அது. ஒரு கட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறவர் அடுத்த கட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். நீதிமன்ற வளாகங்களில் திரும்பத் திரும்பக் காணக் கிடைப்பது என்னவென்றால், நகையை அடகு வைத்துத் திரட்டிய பணமெல்லாம் ஜாமீன் மனுவிலேயே கரைந்துவிடுகிறது. இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து முக்கிய சாட்சி கூண்டில் ஏறும் நாளில், கேஸ் கட்டைப் பிரித்தே பார்த்திராத ஒரு ஜூனியர் பெயருக்கு எழுந்து நிற்கிறார். விடுதலையா தண்டனையா என்பது பெரும்பாலும் அந்த நாளில்தான் முடிவாகிறது. ஆகவே இங்கே ஐவரையும் பொதுவாக எடைபோடாமல், எந்தக் கட்டத்தில் யார் பயன்படுவார் என்ற அடிப்படையில் ஒப்பிடுகிறேன்.

ஒப்பிடத் தொடங்குமுன் வழக்கு என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அடிதடி வழக்குகளில் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 324, 506(2) என்று வரிசையாக எழுதப்பட்டவை இப்போது 296(பி), 115(2), 118(1), 351(3) என்று எழுதப்படுகின்றன; முறையே ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விடுத்தது. இந்த வரிசையோடு நின்றால் வழக்கு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலேயே முடியும். அதே கைகலப்பில் ஒருவர் தலையில் வெட்டுப்பட்டு, 109 என்ற ஓர் எண் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால் அது கொலை முயற்சி. அமர்வு நீதிமன்றம் விசாரிக்க வேண்டியது. காயம் விளைந்திருப்பதால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடியது. வக்கீலைத் தேடும் திசையே இதனால் மாறிவிடும். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற உணர்வுநுட்பமான வழக்குகள் நீங்கலாக, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலிருந்து அதை இறக்கிக்கொள்ளலாம். அந்தத் தாள் கையில் இல்லாமல் 'ஜாமீன் வாங்கிவிடலாம்' என்று தொலைபேசியிலேயே உறுதி சொல்கிற எவரும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வழக்கைப் பார்க்காமல் பேசுகிறார்.

முதல் இரவு

முதல் இரவில் தேவைப்படுவது புலமையைவிட அருகாமை. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்றும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அவருக்கு உரிமை உண்டு என்றும் அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவு, விசாரணையின்போது, முழு நேரமும் அல்லாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையைத் தருகிறது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது தேவைதானா என்பதற்குக் காவல் அதிகாரி காரணம் எழுதியாக வேண்டும். தேவையில்லை என்றால் 35(3)-இன்கீழ் அறிவிப்புக் கொடுத்து வரவழைத்தால் போதும். 2014-ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் இதைத்தான். இந்த உரிமைகள் யாவும் யாராவது நேரில் நின்று கேட்டால்தான் பயன்படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடுவரின் வீட்டு வாசலில் ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது, பையனின் உடம்பில் இருக்கும் காயத்தைச் சுட்டிக்காட்டவும், கைதுக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டதா என்று கேட்கவும், ரிமாண்டை எதிர்க்கவும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். சென்னைக்காரர் அதற்குள் வந்து சேர மாட்டார். உள்ளூர்க்காரர் வருவார். அவரும் கிடைக்காவிட்டால் 15100 என்ற தேசிய சட்ட உதவி எண்ணை அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தொடர்பு கிடைக்கும். ரிமாண்டின்போது வழக்கறிஞர் இல்லாதவருக்குச் சட்ட உதவி உண்டு என்பதைத் தெரிவிக்க வேண்டியது நடுவரின் கடமை. 1981-ஆம் ஆண்டு காத்ரி வழக்கிலிருந்து 2012-ஆம் ஆண்டு கசாப் வழக்கு வரை உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

ஸ்டேஷனில் சொல்லும் பெயர்

காவல் நிலையத்தில் சொல்லப்படும் பெயரைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை: வேண்டாம். அவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் நாளை நீதிமன்றத்தில் அதே புலனாய்வு அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, 'வாக்குமூலத்தை நீங்களே எழுதிக்கொண்டீர்கள்' என்று கேட்க வேண்டியவர் அவர். தமக்கு வழக்கு அனுப்பும் இடத்தைப் பகைத்துக்கொள்வாரா என்பதை அப்பாதான் யோசிக்க வேண்டும். வழக்குப் பிடித்துத் தரும் தரகர்களின் பட்டியலைத் தயாரித்து வெளியிடவும், அவர்களை நீதிமன்ற வளாகத்திலிருந்து விலக்கவும் வழிசெய்யும் பிரிவு 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. இணையத் தேடலும் இதற்கு நல்ல மாற்று ஆகாது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. காசு வாங்கிக்கொண்டு வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு, நட்சத்திரம் போட்டுத் தரவரிசைப்படுத்தும் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. ஆக, திரையில் முதலில் வரும் பெயருக்கு எந்தத் தனி மதிப்பும் இல்லை.

குடும்ப வக்கீலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரிமையியல் வழக்கில் ஊறியவர் குற்ற வழக்கை ஏற்றால் மரியாதையுடன் மறுத்துவிடலாம். ஆனால் அவரிடம் ஆலோசனை கேட்பதை நிறுத்த வேண்டாம். பல ஆண்டுகளாக அதே வளாகத்தில் இருப்பவர் என்பதால், யார் வாய்தாவுக்கு ஒழுங்காக வருகிறார், யார் கட்டணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். 'உங்கள் மகன் மீது வழக்கு வந்தால் யாரிடம் கொடுப்பீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'யார் நல்ல வக்கீல்?' என்ற கேள்விக்கு வருகிற பதிலும் இதற்கு வருகிற பதிலும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

பெரிய பெயர்

சென்னைப் பெரிய வக்கீல் விஷயத்தில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மூத்த வழக்கறிஞர் என்பது வயதையோ அனுபவத்தையோ குறிக்கும் பொதுச்சொல் அன்று. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ வழங்கும் தகுதி அது. அந்தத் தகுதி பெற்றவர் வக்காலத்து (கட்சிக்காரர் தம் சார்பில் வழக்கை நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) தாக்கல் செய்ய முடியாது; கட்சிக்காரரிடமிருந்து வழக்கை நேரடியாக ஏற்கவும் முடியாது; இன்னொரு வழக்கறிஞரின் துணையோடுதான் வாதிட முடியும். எனவே அவரை அமர்த்துகிறவர் இருவருக்குக் கட்டணம் கொடுக்கிறார். சட்டக் கேள்வி ஒன்றே வழக்கைத் தீர்மானிக்கும் இடங்களில் அந்தச் செலவுக்குப் பொருள் இருக்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின்கீழ் வழக்கையே ரத்து செய்யக் கோருவது, குண்டர் சட்டக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போடுவது, ஆயுள் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு ஆகியவை அத்தகையவை. ஓரிரு நாள் வாதத்தில் முடிகிற வேலைகள் என்பதால் அந்த ஓரிரு நாளுக்கு மிகச் சிறந்தவரை வாங்குவது நியாயம்.

சாட்சி விசாரணை அப்படிப்பட்டது அன்று. முப்பது, நாற்பது வாய்தாக்கள் நடக்கும்; சாட்சி வருவார் என்று போனால் வர மாட்டார்; வர மாட்டார் என்று நினைத்த நாளில் மூன்று பேர் வந்து நிற்பார்கள். சென்னையில் அலுவலகம் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் கும்பகோணத்துக்கோ பட்டுக்கோட்டைக்கோ வருவார் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அனுப்பி வைக்கப்படும் ஜூனியருக்கும் சாட்சிகளின் ஊர் உறவுகளுக்கும் எந்தப் பரிச்சயமும் இருக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தஞ்சாவூர், திருச்சி, கரூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டவை, பக்கத்திலேயே இருக்கும் திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னைக்கு. தஞ்சை மாவட்டத்து வழக்கில் உயர் நீதிமன்ற ஜாமீன் மனு மதுரையில்தான் போட வேண்டும் என்று தெரியாமலேயே சென்னையில் முன்பணம் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இலவசம் என்பதால் இளக்காரம்

ஐந்து பெயர்களில் மிகத் தவறாக மதிப்பிடப்படுவது சட்ட உதவி வழக்கறிஞர்தான் என்பது என் எண்ணம். 'காசு கொடுக்காத வக்கீல் கவனம் கொடுக்க மாட்டார்' என்ற பேச்சு ஊர்தோறும் உண்டு; பழைய குழு வழக்கறிஞர் முறையில் அதற்குக் காரணமும் இருந்தது. தம் சொந்த வழக்குகளுக்கு நடுவே, சொற்ப மதிப்பூதியத்துக்கு, ஒரு சட்ட உதவி வழக்கையும் பார்த்தவர்கள் அதற்கு எவ்வளவு நேரம் கொடுத்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பு இதை மாற்ற முயல்கிறது. அரசுத் தரப்புக்கு முழுநேர அரசு வழக்கறிஞர் இருப்பது போல, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கும் மாவட்டந்தோறும் முழுநேர அலுவலகம் ஒன்று இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. அதில் பணிபுரிகிறவர்கள் தனியாக வழக்குகளை ஏற்கக் கூடாது. தலைமை வழக்கறிஞராக வருகிறவருக்குக் குற்ற வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும். துணைத் தலைமைக்கு ஏழாண்டு. ரிமாண்ட் முதல் மேல்முறையீடு வரை அந்த அலுவலகம் பார்க்கும்.

யாருக்குக் கிடைக்கும் என்பதிலும் தவறான எண்ணம் நிலவுகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை. காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. அதாவது, நம் பையன் சிறையில் இருக்கும் வரை, அவன் அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் நஞ்சை இருந்தாலும், அவன் சட்ட உதவிக்குத் தகுதியானவன். விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம். தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழு இருக்கும். சிறையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த வழியில் வருகிறவர் வழக்கறிஞரைத் தாமே தேர்ந்தெடுக்க முடியாது, அலுவலகம் ஒதுக்குபவர்தான். பத்தாண்டு அனுபவமுள்ள தலைமை வழக்கறிஞருக்குப் பதிலாக, பதிவு செய்து ஓரிரண்டு ஆண்டுகளே ஆன உதவி வழக்கறிஞர் கையில் வழக்கு போகலாம். ஒருவர் கையில் எத்தனை வழக்குகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்துக் கவனமும் மாறும். இதில் கட்சிக்காரரின் பக்கம் நிற்கும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2013-இல் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டு (அதாவது, நீதிமன்றம் அதை முறைப்படி பதிவு செய்து), ஏறத்தாழ இரண்டு வாரத்தில் விசாரணை முடிந்து, மரண தண்டனையும் விதிக்கப்பட்ட அனோக்கிலால் வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து புதிதாக விசாரிக்கச் சொன்னது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ளவரையே நியமிக்க வேண்டும் என்றும், தயாராக அவருக்குக் குறைந்தது ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. எனவே கொலை முயற்சி வழக்கில் புதியவரை ஒதுக்கினால், ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்துமூலம் மாற்றிக் கேட்பதில் தவறே இல்லை. அந்தச் செயலாளர் ஒரு நீதிபதி, ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. ஒதுக்கப்பட்டவர் 'செலவுக்கு' என்று பணம் கேட்டாலும் அதே இடத்தில்தான் புகார் சொல்ல வேண்டும்.

என் மதிப்பீட்டில், நடுவர் நீதிமன்றத்து அடிதடி வழக்குக்கு, கடன் வாங்கி நடுத்தரமான தனியார் வக்கீலை அமர்த்துவதைவிட, ஒழுங்காக இயங்கும் சட்ட உதவி அலுவலகம் மேலானது. பணம் இருக்கிறவர் தேட வேண்டியது சட்ட உதவியைவிடத் தெளிவாக உயர்ந்த ஒருவரை. கட்டணம் வாங்குகிறார் என்பது மட்டும் அந்த உயர்வுக்குச் சான்றாகாது.

உள்ளூர் வக்கீலைச் சோதிப்பது எப்படி

மீதமிருப்பவர் உள்ளூர்க் குற்றவியல் வழக்கறிஞர். விசாரணைக் கட்டத்துக்கு என் முதல் தேர்வு இவர்தான். ஆனால் உள்ளூர்க்காரர் என்பதே தகுதி ஆகிவிடாது என்பதால், சோதிக்கும் வழிகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞரின் பெயரைக் கொண்டு அந்த மாவட்டத்து வழக்குகளைத் தேடலாம். அவர் பெயரில் ஜாமீன் மனுக்கள் மட்டுமே குவிந்திருக்கின்றனவா, அமர்வு வழக்குகள் விசாரணை முடிந்து தீர்ப்பு வரை போயிருக்கின்றனவா என்பது அதில் ஓரளவு தெரியும். வக்காலத்தில் முதல் பெயர் ஜூனியருடையதாக இருந்தால் சீனியரின் வேலை அந்தத் தேடலில் அகப்படாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட நம்பத் தகுந்த வழி, ஒரு முற்பகல் நீதிமன்றத்தில் போய் உட்காருவது. குற்ற விசாரணை நடக்கும் இடம், சிலவகை வழக்குகள் நீங்கலாக, எவரும் நுழையக்கூடிய திறந்த மன்றம். அவர் குறுக்கு விசாரணை செய்யும் நாளைக் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். குரலை உயர்த்துகிறாரா, சாட்சியை மிரட்டுகிறாரா என்று பார்க்க வேண்டாம். அவையெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், தீர்ப்பில் ஒரு வரியும் வராது. பார்க்க வேண்டியது முரண்பாட்டை எப்படிப் பதிவு செய்கிறார் என்பதை. அதே சன்ஹிதாவான நாகரிக் சுரக்ஷாவின் 180-ஆம் பிரிவின்கீழ் போலீஸ் பதிவு செய்த வாக்குமூலத்தில் 'சத்தம் கேட்டு ஓடி வந்தேன்' என்று மட்டும் சொன்ன சாட்சி, நீதிமன்றத்தில் 'இவன்தான் அரிவாளால் வெட்டினான், என் கண்ணால் பார்த்தேன்' என்கிறார் என்று வையுங்கள். தேர்ந்த வக்கீல், போலீஸிடம் இதைச் சொல்லவில்லை அல்லவா என்று அந்தச் சாட்சியிடமே கேட்டு விடையைப் பதிய வைப்பார். பல மாதங்கள் கழித்துப் புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறும்போது, அந்தச் சாட்சி போலீஸ் விசாரணையில் இப்படிச் சொல்லவில்லை என்பதை அவர் வாயாலும் வரவழைப்பார். முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை மறந்துவிட்டால் முரண்பாடு மெய்ப்பிக்கப்படாமலே போய்விடும். முதலில் நின்றவர் ஒருவர், பின்னர் நின்றவர் வேறொருவர் என்ற வழக்குகளில் இது அடிக்கடி நேர்கிறது; ஒரே வக்கீல் தொடர்ந்து நிற்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணமும் இதுதான்.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். சாட்சியின் முதல் விசாரணை (அவரை அழைத்த தரப்பே கேட்கும் கேள்விகள்) முடிந்ததும் 'குறுக்கு விசாரணை இல்லை' என்று விட்டுவிட்டு, பிறகு சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போடுவதைச் சிலர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். அது தந்திரம் என்று கட்சிக்காரரிடம் சொல்லப்படும். முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் இடையே ஏறத்தாழ இருபது மாத இடைவெளி விழுந்த வழக்கு ஒன்றில், 2015-இல் வினோத் குமார் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இந்தப் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. திரும்ப அழைக்கும் மனு தள்ளுபடியானால் சாட்சி சொன்னதெல்லாம் மறுக்கப்படாத சாட்சியமாக நின்றுவிடும்.

முதல் சந்திப்பிலேயே கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: 'குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கடைசி நாள் எது?' நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவின்படி, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றங்களில் 90 நாளிலும், மற்றவற்றில் 60 நாளிலும் புலனாய்வு முடியாவிட்டால், காவலில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகவே வந்துவிடுகிறது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் உரிமை போய்விடும். நாட்காட்டியைப் பார்த்து உடனே தேதி சொல்கிறவரிடம் வழக்கைக் கொடுக்கலாம். 'அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறவரிடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

உள்ளூரில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஊரே கொதித்துப்போயிருக்கும் வழக்கில் எவரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கமே தீர்மானம் போட்டுவிடுவது நடந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து எழுந்த முகமது ரபி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை, வழக்கறிஞர் தொழிலின் மரபுக்கே விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. சட்டம் அப்படி இருந்தாலும் மனம் ஒப்பாத ஒருவரை வற்புறுத்தி நிறுத்துவதில் பயனில்லை. அந்த நிலையில் பக்கத்து மாவட்டத்துக்காரரையோ சட்ட உதவி அலுவலகத்தையோ நாடுவதே நடைமுறைக்கு ஏற்றது.

போதைப்பொருள், போக்சோ, வன்கொடுமைத் தடுப்பு, பணமோசடித் தடுப்பு வழக்குகளில் இந்த வரிசையே மாறும். அவற்றுக்குத் தனி நீதிமன்றங்கள் உள்ளன. ஜாமீன் விதிகளும் வேறு. அந்தச் சிறப்பு நீதிமன்றத்தில் வாரந்தோறும் நிற்கிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவரே சரியானவர்.

ஒரே வக்கீலா, ஆளுக்கொரு வக்கீலா

திருவிழா வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களாக ஏ-1 முதல் ஏ-6 வரை ஆறு பேர் இருப்பார்கள். எல்லோரும் சேர்ந்து ஒருவரை அமர்த்தினால் செலவு பங்காகும் என்பது உண்மைதான். ஆறு பேரும் 'நாங்கள் அங்கே இல்லவே இல்லை' என்று சொல்லும் வரை அது சரி. வெட்டியதாகச் சொல்லப்படுகிறவர் ஏ-1, கூட நின்றதாக மட்டும் சொல்லப்படுகிறவர் ஏ-5 என்றால், 'கூட்டத்தில் இருந்தேன், ஆனால் எனக்கும் வெட்டுக்கும் தொடர்பில்லை' என்பதே ஏ-5-க்கு இயல்பான வாதமாக இருக்கும். இருவருக்கும் ஒரே வக்கீலாக இருப்பவரால் அதைச் சொல்ல முடியாது. பொது வக்கீல் வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்வது சங்கடம்தான். ஆனால் அதைச் சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு சொல்வது இன்னும் பெரிய சங்கடம்.

கட்டணம்

கட்டணத்தில் தொகையைவிட, அது எதை உள்ளடக்குகிறது என்பதே ஒப்பிட வேண்டியது. ஜாமீனுக்கு ஒரு தொகை, விசாரணைக்கு ஒரு தொகை என்று பிரித்துச் சொல்கிறவரும், வாய்தாவுக்கு இவ்வளவு என்று சொல்கிறவரும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்கிறவரும் உண்டு. வாய்தாக் கணக்கில் வழக்கு நீள நீளச் செலவு ஏறும். ஒரே தொகையை முன்னதாகவே முழுவதும் கொடுத்துவிட்டால், மூன்றாம் ஆண்டில் வக்கீலுக்கு ஆர்வம் குறையலாம். ஜாமீனைத் தனியே தீர்த்துவிட்டு, விசாரணைக் கட்டணத்தைக் குற்றச்சாட்டு வனைதல், முக்கிய சாட்சிகள், வாதம் என்று கட்டம் கட்டமாகத் தருவது இரு தரப்புக்கும் நியாயமாக இருப்பதைப் பார்க்கிறேன். ஜாமீன் மனுவைக் கையில் வாங்கும் நாளிலேயே, விசாரணைக்கென்று எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'ஜெயித்தால் கொடுங்கள்' என்ற பேரம் பெருந்தன்மையாகத் தோன்றும்; வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு முரணானது. 'மேலே பேசிவிட்டேன், அங்கே கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும்' என்று தனியாகப் பணம் கேட்கிறவரிடமிருந்து அன்றே விலகிவிடுவது நல்லது. அந்தப் பணம் எங்கும் போவதில்லை, போனாலும் கொடுத்தவர் இன்னொரு குற்றத்தில் மாட்டிக்கொள்கிறார். கொடுத்த பணத்துக்கு ரசீதோ வங்கிப் பரிமாற்றச் சான்றோ இருக்க வேண்டும். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி இப்போது இல்லை. வழக்கறிஞர்களின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்துவிட்டது. எஞ்சியிருப்பது, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுப்பது. எழுத்தில் எதுவும் இல்லாதவரின் புகார் அங்கே நிற்காது.

இடையில் மாற்ற நேர்ந்தால்

எவ்வளவு யோசித்துத் தேர்ந்தாலும் மாற்ற வேண்டிய நிலை வரலாம். மாற்றுவதற்கு உகந்த இடம் குற்றப்பத்திரிகை நகல் கிடைத்ததிலிருந்து முதல் சாட்சி அழைக்கப்படுவது வரை உள்ள இடைவெளி. அமர்வு வழக்குகளில் விடுவிப்பு மனுப் போட 60 நாள் கெடு இருப்பதால் அதற்கும் முன்னால் என்றால் இன்னும் நல்லது. சாட்சி விசாரணையின் நடுவில் மாற்றுவது, மேலே சொன்ன முரண்பாட்டுச் சங்கிலியை அறுத்துவிடும். முந்தையவர் நீதிமன்றத்துக்கே வருவதில்லை என்பது போன்ற காரணம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. புதியவர் வக்காலத்துப் போடப் பழையவரின் சம்மதக் கையெழுத்தைக் கேட்பது வழக்கம். பாக்கிக் கட்டணம் இருந்தால் கட்டைத் தர மாட்டேன் என்று பழையவர் சொல்லலாம். ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம், கட்டணப் பாக்கிக்காக வழக்கறிஞர் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, பாக்கியைத் தனியாகத்தான் வசூலிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஆனாலும் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போய் வாதாடி, கட்டைத் திரும்ப வாங்குவதற்குள் இரண்டு வாய்தா போய்விடும். குற்றப்பத்திரிகை நகல்களை நடுவர் நீதிமன்றத்தில் இலவசமாகத் தரும் அன்றே, வக்கீலிடம் கொடுப்பதற்கு முன், எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒரு செட் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்ட அப்பாக்களுக்கு அந்தத் தொல்லை இருப்பதில்லை.